கச்சான் கொடியை எரித்த தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மற்ற வாசகர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரக் கிராமம் ஒன்றில் 4 பசுக்களும் 11 மறியாடுகளும் ஒரு கிடாயும் நலமடித்த (காயடித்த) கடா இரண்டும் வைத்துத் தனியாளாகக் குடும்பத்தை நடத்துகிறீர்கள். ஒரு பசு கன்று ஈன்று 14 மாதமாகியும் வேட்கைக்கு வரவில்லை. இன்னொன்று போன மார்கழியில் மாதம் நிறையாமல் கன்றைத் தள்ளிவிட்டது. மூன்று மறிகள் கிடாயிடம் விட்ட பிறகும் திரும்பத் திரும்பக் கத்துகின்றன. குட்டியே போடாத இளம் மறி ஒன்றுக்குப் பங்குனியில் மடி இறங்கிப் பால் கட்டியது. இதையெல்லாம் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னீர்கள். அவரைக்காய் இனச் செடிகளில் பெண் ஹோர்மோன் இருக்கிறது என்றும் அதைத் தின்ற ஆடுகள் அந்த நாட்டில் மலடாகிப் போயின என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே, சேர்த்து வைத்திருந்த கச்சான் (நிலக்கடலை) கொடிக் குவியலை எரித்துவிட்டீர்கள். அதுவும் அந்த இனம் என்பதால் சீமைக்கிளுவைக் குழை வெட்டுவதையும் நிறுத்திவிட்டீர்கள். இப்போது வைக்கோல், தவிடு, அவற்றோடு மாசியிலிருந்து ஒரு வியாபாரி மலிவாகக் கொடுத்துவரும் சோளம். செய்தது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியில்லை, தங்கச்சி. ஆனால் உங்கள் அண்ணன் சொன்னது பொய்யும் இல்லை. அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது. கன்றைத் தள்ளிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்து எடுத்துப் புதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பசுவின் பால் இன்றும் வீட்டில் பாவனையில் இருக்கிறது.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பசு கன்றைத் தள்ளினால், வேறு காரணம் தெரியும்வரை அதைப் புரூசெல்லா என்றே நினைத்து நடக்க வேண்டும். அந்தக் கிருமி தள்ளிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் பாலிலும் இருக்கும். கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும், காய்ச்சாத பால் வழியாகவும் மனிதருக்குத் தொற்றும். ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, வாரக்கணக்கில் தீராத களைப்பு, இவைதான் அதன் அடையாளங்கள். மார்கழிக்குப் பிறகு உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ இப்படி ஏதேனும் இருந்தால் ஆஸ்பத்திரியில் "எங்கள் மாடு கன்று தள்ளியது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தெரிய வழியில்லை. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம், தயிருக்கு உறையூற்றும் பாலும் அப்படித்தான். உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இந்த வாரமே போய் நான்கு பசுக்களுக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், ஆடுகளையும் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள். செடியிலுள்ள ஹோர்மோனைப் பற்றிய கவலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி அண்ணன் சொன்ன கதை.

மத்தியதரைக் கடலோர நாடுகளைச் சேர்ந்த குளோவர் செடி ஒன்று இருக்கிறது. பூத்து முடிந்ததும் காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்வதால் நிலத்தடிக் குளோவர் என்று அதற்குப் பெயர். நம் கச்சானும் அப்படித்தானே செய்கிறது? இரண்டும் அவரைக் குடும்பம்தான். உங்கள் மனதில் கச்சான்மீது சந்தேகம் விழுந்ததில் வியப்பில்லை. அந்தக் குளோவரை 1889 அளவில் தென் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் அருகே ஏமஸ் ஹவார்ட் என்ற விவசாயி கவனித்து, பெருக்கி, விதையாக விற்றார். சத்தில்லாத மண்ணையும் அது வளப்படுத்தியது. மேற்கு அவுஸ்திரேலியாவில் பரந்த மேய்ச்சல் நிலங்கள் முழுவதும் அந்த ஒரே செடியால் மூடப்பட்டன. செம்மறிகள் வயிறு நிறையத் தின்று கொழுத்தன.

1940களின் தொடக்கத்தில் அங்கே குட்டி ஈனும் வீதம் சரியத் தொடங்கியது. ஆரோக்கியமாகத் தெரிந்த செம்மறிகள் சினைப்படவில்லை. சிலவற்றுக்குக் கருப்பை வெளியே தள்ளியது. இன்னும் சில, குட்டியை ஈன முடியாமல் செத்தன. நலமடித்த கடாக்களுக்குக்கூட முலைக்காம்பு நீண்டு பால் சுரந்தது. பெனெற்ஸ், அண்டர்வுட், ஷியர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1946இல் இதைப் பற்றி எழுதினார்கள். குற்றவாளி அந்தக் குளோவர் என்று தெரிந்தது.

எப்படி என்று கேட்டால், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குளோவர் இலையில் இருக்கும் போர்மோனோநெட்டின் என்ற பொருளுக்குத் தன்னளவில் பெரிய வலு கிடையாது. அசைபோடும் மிருகத்தின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதைப் படிப்படியாக மாற்றி ஈக்குவோல் என்ற பொருளாக்குகின்றன. அந்த ஈக்குவோல் இரத்தத்தில் ஏறி, ஈஸ்திரோஜன் என்ற பெண் ஹோர்மோன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்காருகிறது. அதே இலையில் ஜெனிஸ்டீன் என்ற இன்னொரு பொருளும் உண்டு. சோதனைக் குழாயில் அதுதான் வலுவானது. ஆனால் சில நாட்கள் தொடர்ந்து தின்றால் அதே நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து வலுவிழக்கச் செய்யப் பழகிக்கொள்கின்றன. வலுவான நஞ்சு வயிற்றில் அழிகிறது, வலுவற்றது வயிற்றில் கூர் பெறுகிறது. இதனால்தான் ஒரு செடியில் "பெண் ஹோர்மோன் இருக்கிறது" என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த மிருகத்தின் வயிற்றில், எத்தனை நாள் என்பதையெல்லாம் கேட்க வேண்டும்.

பழைய குளோவர் வகைகளில் காய்ந்த நிறையில் 1 சதவீதத்துக்கு மேலும் போர்மோனோநெட்டின் இருந்தது. பின்னர் தெரிவுசெய்து வளர்த்த வகைகளில் அது 0.2 சதவீதத்துக்கும் கீழ். மண்ணில் பொசுபரசு குறைந்தால் செடியில் இது கூடும். செடி தானாகக் காய்ந்து சருகானால் பெருமளவு போய்விடும். கொஞ்ச நாள் மட்டும் தின்ற செம்மறியை வேறு மேய்ச்சலுக்கு மாற்றினால் நாலைந்து வாரத்தில் தேறிவிடும். ஆண்டுக்கணக்கில் தின்றதற்கு மீட்சி இல்லை. அதன் கருப்பைக் கழுத்தின் அமைப்பே மாறி, விந்தை மேலே ஏற்றும் சளி நீர்த்துப்போகிறது. கிடாய் சேர்ந்தாலும் விந்து போய்ச் சேராது.

இந்தக் கதை எங்கே நின்று உங்கள் பட்டி எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. அண்ணன் "ஆடு" என்றார். நீங்களும் "ஆடு" என்றே கேட்டீர்கள். அவர் சொன்னது செம்மறி, உங்களிடம் இருப்பது வெள்ளாடு. வெள்ளாட்டின் வயிற்றிலும் ஈக்குவோல் உண்டாகும், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளாடு இங்கே ஒரு வாய் பாவட்டை, அங்கே ஒரு வாய் ஈச்சங்குருத்து, வேலியில் ஒரு வாய் பூவரசு என்று நுனி கடித்துத் திரியும் மிருகம். ஒரே செடி மூடிய நிலத்தில் மாதக்கணக்கில் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்த செம்மறிக்கு நேர்ந்தது அதற்கு நேர்வதில்லை. மாடு இன்னும் பொறுத்துக்கொள்ளும். செம்மறியை மலடாக்கிய அதே குளோவர் நிலங்களில் மாடுகள் பெரும்பாலும் வழமைபோலக் கன்று ஈன்றன. மாட்டில் சினைக் கோளாறுக்குச் சந்தேகிக்கப்படுவது சிவப்புக் குளோவரும், இலை நோய் பிடித்த லூசேன் என்ற தீவனச் செடியும்தான். லூசேனில் பூஞ்சண நோயோ செடிப்பேனோ வந்தால் அதிலுள்ள கூமெஸ்ட்ரோல் என்ற பொருள் பலமடங்கு கூடும். இவை எல்லாம் குளிர்ந்த நாட்டுச் செடிகள். முத்தையன்கட்டுக் குளத்தைச் சுற்றி எத்தனை நாள் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

கச்சான் விதையில் இந்தப் பொருட்கள் சோயாவோடு ஒப்பிட்டால் மிகமிகச் சொற்பம். சீமைக்கிளுவையின் குறை அதன் வாடைதான், சில ஆடுகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெட்டி ஓர் இரவு வாட விட்டுக் கொடுத்தால் பழகிவிடும். நம் வேலிகளில் உண்மையில் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய குழை ஒன்று உண்டென்றால் அது இபில் இபில். அதிலுள்ள மிமோசின் மயிரை உதிர்க்கும், கழுத்துக் கழலையை வீங்கவைக்கும். ஆகவே தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது போகக் கூடாது. ஹவாய்த் தீவில் ஆடுகள் அதே இலையை ஒரு கெடுதியுமின்றித் தின்பதைப் பார்த்த றேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர், அவற்றின் வயிற்றில் மிமோசினைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருப்பதை அறிந்து, 1980களின் தொடக்கத்தில் அதைத் தம் நாட்டு மாடுகளுக்குள் கொண்டுசேர்த்தார். அதற்கு இன்று அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. எந்த இலையும் நல்லதா கெட்டதா என்பதில் பாதி தீர்ப்பு வயிற்றுக்குள் நடக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

இப்போது சோளத்துக்கு வருகிறேன். மூட்டையின் அடியில் "ரோசா நிறத்தில் பஞ்சு மாதிரி" பிடித்திருப்பதாகவும், அதைத் தட்டிவிட்டுக் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வளரட்டும் என்று அந்த இளம் மறிக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறீர்கள். ஈரம் காயுமுன் மூட்டை கட்டிய சோளத்தில் அந்த நிறத்தில் வருவது பெரும்பாலும் பியூசேரியம் என்ற பூஞ்சணம். அந்தக் குடும்பத்துப் பூஞ்சணங்களில் சில சியரலினோன் என்ற நஞ்சை உண்டாக்கும். அதுவும் ஈஸ்திரோஜன்போல நடிக்கும் பொருள்தான். பன்றிக்குத்தான் அது மிகவும் கொடிது, சிறு பெட்டைப் பன்றிகளின் பெண்குறியே வீங்கிவிடும். அசைபோடும் மிருகங்கள் ஓரளவு தாங்கும் என்றாலும், அவற்றின் வயிற்றிலும் அது இன்னும் வலுவான வடிவத்துக்கு மாறக்கூடும். அவித்தாலும் போகாது, பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு மணிக்குள் தங்கியிருக்கும். எதற்குப் பயந்து கொடியை எரித்தீர்களோ, அது உங்கள் வீட்டில் இருக்குமானால் இருக்கக்கூடிய இடம் அந்தச் சாக்குத்தான், தங்கச்சி. பூஞ்சணம் பிடித்த சோளத்தில் கல்லீரலைக் கெடுக்கும் அப்ளாடொக்சினும் சேர்ந்திருக்கலாம். அது பாலிலும் இறங்கும். இன்றோடு நிறுத்துங்கள். வீணாகிறதே என்று கோழிக்கும் போட வேண்டாம், குழி வெட்டிப் புதையுங்கள்.

அதற்காக அந்த மறியின் மடிக்குச் சோளம்தான் காரணம் என்று நான் இங்கிருந்து சத்தியம் செய்ய மாட்டேன். மூன்று காரியங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, அது உண்மையிலேயே கிடாய் படாததா? கிடாய்க்குட்டி நான்கு மாதத்திலேயே சேரக்கூடியது. தாயோடு ஒன்றாக அடைத்த குட்டிதானே என்று நினைத்திருந்தால், அந்த மறி சினையாக இருக்கலாம். இரண்டாவது பொய்ச்சினை. கருப்பையில் குட்டிக்குப் பதிலாக நீர் சேர்ந்து வயிறு பெருக்கும், மடியும் இறங்கும், பிறகு ஒரு நாள் பின்புறமெல்லாம் நனைய நீரை ஊற்றிவிட்டு ஒன்றுமில்லாமல் நிற்கும். வைத்தியரின் ஊசி ஒன்றில் அதைத் தீர்க்கலாம். மூன்றாவது, ஜமுனாபாரிபோன்ற பால் இனங்களின் கலப்பில் சில மறிகளுக்கு ஒரு காரணமும் இல்லாமலே முன்கூட்டி மடி இறங்கும். எதுவானாலும் அதைக் கறக்காதீர்கள். கறந்தால் இன்னும் சுரக்கும், காம்பின் அடைப்புப் போய்க் கிருமி ஏறும். மடி சூடாகவோ கல்லாகவோ இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தீனியில் ஹோர்மோன் நஞ்சு இருந்தால் அது ஒரு மறியோடு நிற்காது. அவுஸ்திரேலியாவில் நலமடித்த கடாக்களின் காம்பு நீளத்தை அளந்தே ஒரு மேய்ச்சல் நிலம் கெட்டதா என்று சொன்னார்கள். உங்களிடம் நலமடித்த கடா இரண்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே சோளத்தை நன்றாகத் தின்ற கடாவின் காம்பைத் தடவிப் பாருங்கள். மொட்டுப்போல இருந்தால் பயமில்லை. நீண்டு தடித்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கத்திக்கொண்டே இருக்கும் மூன்று மறிகளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவற்றுக்குக் கொம்பு இருக்கிறதா? உங்கள் கிடாய் கொம்பில்லாதது, பட்டியிலேயே பிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளாட்டில் கொம்பில்லாமையும் மலட்டுத்தன்மையும் ஒரே இடத்தில் பிணைந்து பரம்பரையாக வருகின்றன. கொம்பில்லாத கிடாயைக் கொம்பில்லாத மறியோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைகளில் சில ஆணும் பெண்ணும் கலந்த உறுப்புகளோடு பிறக்கும். பார்வைக்கு மறிதான், ஆனால் ஒரு நாளும் குட்டி தங்காது. மூன்றில் எதற்காவது கொம்பில்லாமல், பெண்குறி சிறுத்து, அடியில் கடலைப் பருப்புபோல ஒரு முனை தெரிந்தால், அதற்கு எந்தத் தீனியும் உதவாது. இறைச்சிக்கு விற்றுவிடுங்கள். கிடாயை எப்படியும் மாற்றுங்கள், வேறு ஊர்ப் பட்டியிலிருந்து கொம்புள்ள ஒன்றைக் கொண்டுவாருங்கள். தகப்பனோடு மகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறீர்கள், அது மட்டுமே ஒரு பட்டியைக் கெடுக்கப் போதும்.

கடைசியாக அந்த 14 மாதப் பசு. "விலா எலும்பை எண்ணலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கன்றும் பகல் முழுவதும் தாயோடு நிற்கிறது. இதற்கு ஹோர்மோன் செடியைத் தேட வேண்டியதில்லை. தனக்கே போதாத உடலில் இன்னொரு உயிரைத் தாங்க இடமில்லை என்று மூளை சினைப்பையை நிறுத்திவைக்கிறது. கன்று மடியில் முட்ட முட்ட அந்தத் தடை இன்னும் இறுகும். மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் நான் இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகப் போனபோது கண்ட காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. காலபோகத்தில் ஊரெங்கும் பச்சை. பயிருக்குள் இறங்கிவிடும் என்று மாடுகளைக் குறுங்கயிற்றில் கட்டிவைத்திருப்பார்கள். மழையில் நனைந்தபடி வைக்கோலைச் சப்பிக்கொண்டு நிற்கும். அரிவு வெட்டு முடிந்து தாள் மேயத் திறந்துவிட்ட இரண்டு மூன்று மாதத்தில், வருடக்கணக்காக நின்ற பசுக்களும் வேட்கைக்கு வரும். பட்டிக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். மேய்ச்சல் தரவை சுருங்கிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் வீட்டில் வெட்டிப் போடும் குழைதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

வைக்கோலில் புரதம் 3 முதல் 5 சதவீதம். வயிற்று நுண்ணுயிர்கள் வேலை செய்யவே 7 சதவீதமாவது வேண்டும். சீமைக்கிளுவைக் குழையில், காய்ந்த நிறையில், 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கச்சான் கொடியும் வைக்கோலைவிட எவ்வளவோ மேல். நீங்கள் நிறுத்தியது இவற்றைத்தான். நாளைக்கே குழை வெட்டத் தொடங்குங்கள். பசுவுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, பத்து நாளில் ஆறேழு கிலோ பச்சைக் குழைக்கு ஏற்றுங்கள், ஆட்டுக்கு ஒரு கிலோ போதும். வைக்கோலும் புல்லும் தொடர்ந்து இருக்கட்டும். தாதுப்புக் கட்டி ஒன்றைக் கொட்டிலில் தொங்கவிடுங்கள். அந்தப் பசுவின் கன்று பெரியதாகிவிட்டது, பாலை மறக்கச் செய்யுங்கள். விடியற்காலையிலும் இரவு படுக்குமுன்னும் போய்ப் பாருங்கள். நம் நாட்டுப் பசுவின் வேட்கை குறுகியது, பல நேரம் இரவில் வந்து விடியுமுன் போய்விடும். மற்றப் பசு ஏறும்போது அசையாமல் நிற்கிறதா என்பதுதான் அடையாளம். கண்ட நாளைக் கலண்டரில் குறியுங்கள், 21 நாள் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் கண்டால் பின்னேரம் சினைப்படுத்த ஆளை அழையுங்கள், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. இப்போது ஆனி. ஆவணி, புரட்டாதி வறட்சிக்கு முன் உடம்பில் கொஞ்சம் சதை ஏறினால்தான் உண்டு.

அடுத்த முறை கச்சான் பிடுங்கும்போது கொடியைப் பச்சையாகக் குவிக்காதீர்கள், உள்ளே அவிந்து பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாள் வெயிலில் புரட்டி, இலை உதிருமுன் எடுத்து, கூரைக்கடியில் பரண் கட்டிப் போடுங்கள். கறுத்துப்போனதையும் முடைநாற்றம் அடிப்பதையும் மட்டும் விலக்கினால் போதும்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். கன்று தள்ளிய அந்தப் பசுவை என்ன செய்வது என்பதை அதன்பின் பேசுவோம். அதுவரை அதை மற்ற மூன்றிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள். எந்த மாடு ஈன்றாலும் கையில் பொலித்தீன் பையாவது மாட்டிக்கொள்ளாமல் நஞ்சுக்கொடியைத் தொடாதீர்கள்.